பழைய ‘அவேக்கனிங்ஸ்’ வாங்குவது எப்படி: இரண்டு முறை ஏமாந்தவள் எழுதுவது

அப்பாவுக்குப் பார்க்கின்சன் (நடுக்குவாதம்) என்று தெரிந்த வருஷம், நரம்பியல் டாக்டரின் அறைக்கு வெளியே டோக்கனுடன் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்தான் இந்தப் புத்தகத்தின் பெயரைச் சொன்னார். நரம்பியல் டாக்டர் ஆலிவர் சாக்ஸ் எழுதிய ‘அவேக்கனிங்ஸ்’. முதல் உலகப் போர்க் காலத்தில் கிளம்பி, சுமார் பத்து வருஷம் உலகைச் சுற்றிவிட்டு, வந்த சுவடு தெரியாமல் ஓய்ந்துபோன தூக்க நோய் ஒன்று. எதனால் வந்தது என்பதற்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை. அதில் உயிர் பிழைத்தவர்களில் சிலர் பல பத்தாண்டுகள் சிலைபோல நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் உட்கார்ந்திருந்தார்கள். 1969இல் அவர்களுக்கு எல்-டோபா மருந்தைக் கொடுத்தபோது என்ன நடந்தது என்பதுதான் புத்தகம். அப்பா தினமும் விழுங்கும் மாத்திரையிலும் இருப்பது அதே மருந்து. எனக்கு அந்தப் புத்தகம் வேண்டும் என்று தோன்ற வேறு காரணம் வேண்டுமா?

புதுப் பிரதி கிடைக்கத்தான் செய்கிறது. நான் தேடிய வாரம் அதன் விலை ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. பழையது முந்நூறுக்குக் கிடைக்கும் என்று கிளம்பி, தவறான இரண்டு பிரதிகளை வாங்கி, மூன்றாவதில்தான் சரியானது கைக்கு வந்தது. மொத்தச் செலவு ₹1,090. அதாவது புதுசையே வாங்கியிருக்கலாம். அந்தக் கடுப்பில்தான் இதை எழுதுகிறேன். இந்த ஒரு புத்தகத்துக்கு என்றில்லை, மருத்துவ மர்மத்தைப் பேசும் எந்தப் பழைய ஆங்கில நூலைத் தேடினாலும் இதே குழிகள்தான் காத்திருக்கும்.

1. எந்தப் பதிப்பு என்று முதலில் தீர்மானியுங்கள்

நாவல் என்றால் எந்தப் பதிப்பு வாங்கினாலும் கதை ஒன்றுதான். மருத்துவ நூலில் அப்படி இல்லை. நோயாளிகள் புத்தகம் வெளிவந்த பிறகும் வாழ்கிறார்கள், சாகிறார்கள், ஆராய்ச்சி நகர்கிறது, ஆசிரியர் திரும்ப வந்து எழுதிச் சேர்க்கிறார்.

‘அவேக்கனிங்ஸ்’ முதலில் 1973இல் லண்டனில் வெளிவந்தது. அதன் பிறகு சாக்ஸ் அதைக் கிட்டத்தட்டப் பதினேழு வருஷம் விடாமல் திருத்திக்கொண்டே இருந்தார். அடிக்குறிப்புகள் கூடின. அந்த நோயாளிகள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று சொல்லும் பின்னுரை 1980களில் சேர்ந்தது. 1990 பதிப்பில் இன்னொரு பின்குறிப்பும், கடைசியில் ஒரு கொத்துப் பின்னிணைப்புகளும் இருக்கின்றன: தூக்க நோயின் வரலாறு, பார்க்கின்சன் நோயாளி காலத்தையும் இடத்தையும் எப்படி உணர்கிறார் என்பது, நாடகமாகவும் படமாகவும் இந்தக் கதை மாறியது பற்றி என்று. எனக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டாவது விஷயம். அப்பா வாசற்படியில் கால் வைக்கமுடியாமல் அப்படியே உறைந்து நிற்பார். தரையில் ஒரு கோடு போட்டுக் காட்டினால் தாண்டிவிடுவார். அது ஏன் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கத்தான் தேடினேன்.

ஆகவே, படிப்பதற்கு என்றால் 1990 அல்லது அதற்குப் பின் வந்தது. அலமாரியில் வைத்து அழகு பார்க்க என்றால் 1973. இரண்டாவது ரகத்துக்கு விலையும் தனி, விற்பவர்களும் தனி. அதை இங்கே தொடவில்லை.

இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. 1990இல் ராபர்ட் டி நீரோவும் ராபின் வில்லியம்ஸும் நடித்த படம் வந்தது. அந்தச் சமயத்தில் படத்தின் ஸ்டில்லை அட்டையில் போட்டும் புத்தகம் வெளியானது. சினிமா அட்டை என்பதால் சேகரிப்பவர்கள் அதைத் தீண்டமாட்டார்கள், கடைக்காரர்களும் மலிவாகத் தள்ளிவிடுவார்கள். படத்தை வைத்து எழுதிய கதைப் புத்தகம் என்று நினைத்து நானும் ஒருமுறை கையிலெடுத்துத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். உள்ளே இருந்தது அசல் நூல்தான். பின்னிணைப்புகள் இருக்கின்றனவா என்று கடைசி ஐம்பது பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

2. தலைப்பைத் தேடாதீர்கள், எண்ணைத் தேடுங்கள்

‘அவேக்கனிங்ஸ்’ என்று போட்டால் யோகா புத்தகம் வரும், ஆன்மிகப் புத்தகம் வரும், படத்தின் டிவிடி வரும். ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தரும் ஐஎஸ்பிஎன் என்ற அடையாள எண்ணைப் போட்டால் அந்தப் பதிப்பு மட்டும் வரும். கெட்டி அட்டைக்கு ஓர் எண், மெல்லிய அட்டைக்கு வேறு எண், அமெரிக்கப் பதிப்புக்கும் பிரிட்டிஷ் பதிப்புக்கும் வெவ்வேறு எண்கள்.

2007 ஜனவரிக்கு முன்பு இந்த எண்ணுக்கு 10 இலக்கம். அதற்குப் பிறகு 13. பழைய புத்தகத்தில் 10 இலக்க எண்தான் இருக்கும், கடைசி இடத்தில் ‘எக்ஸ்’ எழுத்து இருந்தால் அச்சுப் பிழை என்று பயப்பட வேண்டாம், அது எண்ணின் பகுதிதான். 1970களின் தொடக்கத்தில் வந்த பிரிட்டிஷ் புத்தகங்களில் சில நேரம் 9 இலக்கம்தான் இருக்கும். முன்னால் ஒரு 0 சேர்த்துத் தேடுங்கள். 10 இலக்க எண்ணோடு 978ஐ ஒட்டவைத்தால் மட்டும் 13 ஆகிவிடாது, கடைசி இலக்கமும் மாறும். இலவசமாக மாற்றித் தரும் தளங்கள் இருக்கின்றன, அதில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கையால் ஒட்டவைத்துத் தேடி, ‘புத்தகமே இல்லை’ என்று நான் ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

புத்தகம் கையில் இருந்தால் தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். காப்புரிமை வருஷங்கள் வரிசையாக இருக்கும். 1973, 1976 என்று தொடங்கும் அந்த வரிசையில் 1990 இருக்கிறதா? அதுதான் கேள்வி. கீழே 10 9 8 7 6 5 4 என்று ஒரு எண்வரிசை இருந்தால், அதில் இருக்கும் மிகச் சிறிய எண் அது எத்தனையாவது அச்சு என்பதைக் காட்டும். படிப்பவருக்கு அது எத்தனையாக இருந்தால் என்ன? ஆனால் ‘முதல் அச்சு’ என்று சொல்லி ஐந்நூறு கூடக் கேட்பவரின் வாயை அடைக்க உதவும்.

3. காசு எடுப்பதற்கு முன் நூலகத்தில் ஒரு வார்த்தை

சென்னையில் இருந்தால் எழும்பூர் கன்னிமாராவிலும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் கேட்டுவிடுங்கள். இருந்தால் அங்கேயே உட்கார்ந்து இரண்டு அத்தியாயம் படிக்கலாம். அது உங்களுக்கான புத்தகம்தானா என்று தெரிந்துவிடும். சாக்ஸின் நடை எல்லோருக்கும் பிடிக்காது. பக்கத்தில் பாதியை அடிக்குறிப்பே விழுங்கியிருக்கும், மருத்துவச் சொல் மழைபோல வரும். மர்மக் கதைபோல விறுவிறு என்று ஓடும் என்று எதிர்பார்த்தால் முப்பதாவது பக்கத்தில் மூடிவிடுவீர்கள்.

4. நடைபாதைக்குப் போவதென்றால்

திருவல்லிக்கேணி பாரதி சாலை, ஞாயிற்றுக்கிழமை காலை. சென்ட்ரல் பக்கம் என்றால் அல்லிக்குளம் வளாகத்து மூர் மார்க்கெட் கடைகள். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். பதினொரு மணிக்கு மேல் குனிந்து தேட முடியாது.

பெயர் சொல்லிக் கேட்டால் கிடைக்காது. நான் கேட்டபோது நடந்தது இது:

“அண்ணே, டாக்டர் எழுதின புக்கு ஒண்ணு, பழைய நோய் பத்தி…”

“நீட் புக்கா மேடம்? பையனுக்கா பொண்ணுக்கா?”

“நீட் இல்லண்ணே, கதை மாதிரி இருக்கும். நோயாளிங்களப் பத்தி.”

“எம்பிபிஎஸ் அந்தப் பக்கம். கத புக்கு இந்தப் பக்கம். ரெண்டும் கலந்தது நீங்கதான் தேடிக்கணும்.”

சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. மருத்துவ மர்ம நூல்கள் மூன்று இடத்தில் கிடக்கும்: மருத்துவப் பாடநூல் அடுக்கில், சுயமுன்னேற்ற அடுக்கில், அட்டையில் சினிமாக்காரர் படம் இருந்தால் நாவல் அடுக்கில். முதுகெழுத்தைத் தலை சாய்த்துப் படித்துக்கொண்டே மூன்றையும் பார்க்க வேண்டும். கைக்குட்டை, தண்ணீர், சில்லறை எடுத்துப் போங்கள். பை கொண்டுபோகாவிட்டால் கைப்பிடி அறுந்த பிளாஸ்டிக் உறைதான் தருவார்கள்.

பேரம் பற்றி ஒன்று. ஆசையாகத் தேடிய புத்தகம் கண்ணில் பட்டதும் முகத்தில் காட்டாதீர்கள். வேண்டாத இரண்டு புத்தகத்தோடு சேர்த்து எடுத்து விலை கேளுங்கள், பிறகு அந்த இரண்டையும் திருப்பி வையுங்கள். என் அத்தை புடவைக் கடையில் செய்வது இதுதான். இங்கேயும் நடக்கிறது.

5. கள்ளப் பிரதி

என் முதல் பிரதி நடைபாதையில் ₹200க்கு வாங்கியது. பளபள அட்டை, பைண்டிங் கச்சிதம். வீட்டுக்கு வந்து நாலாவது நாள் பார்க்கிறேன், 211ஆம் பக்கத்துக்கு அப்புறம் 214. நடுவில் இருந்த நோயாளி பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். யாரோ ஒரு புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தைத்து அட்டை போட்டிருக்கிறார்கள்.

கடையில் நின்றபடியே கண்டுபிடிக்கலாம். உள் ஓரத்தைப் பாருங்கள்: வரிகள் தையலுக்குள் சாய்ந்து ஓடினால், அல்லது ஓரத்தில் கறுப்பு நிழல் பட்டை இருந்தால், அது நகல். அடிக்குறிப்பு எழுத்துகளைப் பாருங்கள்: அசலில் பொடி எழுத்துகூட ஊசிபோல நிற்கும், நகலில் ஆங்கில ‘ஈ’யும் ‘சி’யும் ஒன்றுபோல மொத்தையாக இருக்கும். படங்களும் வரைபடங்களும் இருக்கும் நூல் என்றால் வேலை இன்னும் சுலபம். அசலில் அவை தெளிவாக இருக்கும், சில நூல்களில் தனி வழவழத் தாளில் வரும்; நகலில் எல்லாம் ஒரே சாம்பல் சேறு. லண்டனில் 1854இல் காலரா எங்கிருந்து பரவியது என்பதை டாக்டர் ஜான் ஸ்நோ வரைபடம் வைத்துக் காட்டிய கதையை அப்படி ஒரு பிரதியில் படித்துப் பாருங்கள். எந்தக் குழாயடி, எத்தனை சாவு என்று ஒரு கோடுகூடத் தெரியாது.

கடைக்காரர் “ஒரிஜினல்தான் மேடம், தூக்கிப் பாருங்க வெயிட்ட” என்பார். எடை ஒரு சாட்சியே இல்லை. ஜெராக்ஸ் தாள் கனமாகத்தான் இருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். கடை இருந்த இடத்தில் கரும்பு ஜூஸ் வண்டி நின்றது.

6. இணையத்தில்: ‘குட்’ என்றால் நன்றாக இருக்கிறது என்று பொருள் இல்லை

பழைய புத்தக வியாபாரத்தில் தரத்துக்கு என்று ஒரு தனி பாஷை இருக்கிறது. ஏறக்குறைய இப்படி இறங்கும்: ஃபைன், வெரி குட், குட், ஆக்செப்டபிள். மேலே இருக்கும் ‘ஃபைன்’ ஏறக்குறையப் புதுசு. ‘வெரி குட்’ படிக்கப்பட்டது, ஆனால் நாகரிகமாக. ‘குட்’ என்றால் முதுகில் மடிப்பு, பக்கம் பழுப்பு, உள்ளே யாரோ கோடு போட்டிருக்கலாம். ‘ஆக்செப்டபிள்’ என்றால் எழுத்து எல்லாம் இருக்கிறது, வேறெதற்கும் பொறுப்பில்லை.

இன்னும் சில சொற்கள். ‘எக்ஸ்-லைப்ரரி’ என்றால் நூலகம் கழித்துக் கட்டியது: முத்திரை, பை ஒட்டிய தடம், முதுகில் எண். நான் இந்த ரகத்தைத் தயங்காமல் வாங்குவேன், பைண்டிங் உறுதியாக இருக்கும், விலையும் குறையும். ‘ஃபாக்சிங்’ என்றால் தாளில் பழுப்புப் புள்ளிகள். படிப்பதற்கு இடைஞ்சல் இல்லை. ‘ரீடிங் காப்பி’ என்றால் கிழவன், ஆனால் நடப்பான். ‘பிரிண்ட் ஆன் டிமாண்ட்’ என்று இருந்தால் அது பழைய புத்தகமே அல்ல. ஆர்டர் வந்த பிறகு அச்சடிப்பது.

பெரிய பொறி வேறு இடத்தில் இருக்கிறது. ‘ஸ்டாக் போட்டோ’. பல விற்பனைத் தளங்கள் ஒரு நூலின் எல்லாப் பதிப்புகளையும் ஒரே பக்கத்தில் போட்டுவிடும். நீங்கள் பார்க்கும் அட்டைப் படம் ஒன்று, விற்பவர் கையில் இருப்பது இன்னொன்று. என் இரண்டாவது பிரதி அப்படி வந்ததுதான். படத்தில் புதுப் பதிப்பின் அட்டை. ₹470 கொடுத்தேன். பிரித்தால் 1970களின் நடுவில் வந்த பதிப்பு. அழகான புத்தகம்தான், குறை சொல்ல முடியாது. நான் தேடிய பின்னிணைப்பு மட்டும் அதில் இருக்க வாய்ப்பே இல்லை. “தலைப்பு அதுதானே மேடம்” என்று பதில் வந்தது. திருப்பி அனுப்பும் செலவு என்னுடையது என்றார்கள். அனுப்பவில்லை.

7. விற்பவரிடம் நான்கு படம் கேளுங்கள்

இதைச் செய்யாமல் இனி ஒரு ரூபாய்கூட அனுப்பமாட்டேன். வாட்ஸப்பிலோ தளத்தின் செய்திப் பெட்டியிலோ இப்படி எழுதுங்கள்:

“வணக்கம். இந்தப் புத்தகம் எனக்கு வேண்டும். உங்களிடம் இருக்கும் பிரதியின் முன் அட்டை, தலைப்புப் பக்கத்தின் பின்பக்கம், பொருளடக்கம், கடைசிப் பக்கம் இந்த நான்கையும் படம் எடுத்து அனுப்ப முடியுமா? முன் அட்டையின் மேல் இன்றைய தேதி எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றை வைத்து எடுங்கள். பக்கம் ஏதாவது கிழிந்தோ கோடு போட்டோ இருந்தால் சொல்லிவிடுங்கள்.”

தேதிச் சீட்டு எதற்கு? இன்ஸ்டாகிராமில் பழைய புத்தகம் விற்பதாகச் சொல்லி வேறு யாரோ எடுத்த படத்தைப் போட்டு யுபிஐயில் காசு வாங்கிக்கொண்டு மறைந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். கையில் புத்தகம் இல்லாதவர் தேதிச் சீட்டு வைத்துப் படம் அனுப்ப முடியாது. நல்ல விற்பனையாளர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். எனக்கு மூன்றாவது பிரதியை விற்ற கொல்கத்தாக்காரர் பத்தே நிமிஷத்தில் ஒன்பது படம் அனுப்பினார். அதில் ஒன்று, 60ஆம் பக்கத்தில் டீக்கறை. “இதற்காக 30 ரூபாய் குறைத்துக்கொள்கிறேன்” என்று அவரே சொன்னார்.

8. தபால் செலவும் நாட்களும்

கூரியர் என்றாலே நூறு ரூபாய்க்கு மேல் சொல்வார்கள். விற்பவர் தனிநபர் என்றால் அஞ்சலகத்தின் ‘ஞான் போஸ்ட்’ தெரியுமா என்று கேளுங்கள். 2025 மே முதல் தேதியிலிருந்து இருக்கிறது, புத்தகங்களுக்கென்றே. 300 கிராம் வரை ₹20, அதிகபட்சம் 5 கிலோவுக்கு ₹100, மேலே வரி. எங்கே போகிறது என்று இணையத்தில் பார்க்கலாம். தரை வழியாகப் போவதால் மெதுவாகத்தான் வரும். புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும். வார, மாத இதழ்களுக்கு இது பொருந்தாது. பழைய ‘புக் போஸ்ட்’ நினைவில் இருப்பவர்கள் அதையே கேட்டு வாதாடாதீர்கள், புதுப் பெயரைச் சொல்லுங்கள்.

என் புத்தகம் கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு 11 நாளில் வந்தது. இடையில் நான்கு நாள் அது எங்கேயோ ஒரே இடத்தில் தூங்கியது, புத்தகத்தின் பொருளுக்குப் பொருத்தமாக. பயந்துபோய் விற்பவரைத் தொல்லை செய்யாதீர்கள். பத்துப் பதினைந்து நாள் பொறுங்கள்.

கட்டும் விதத்தையும் சொல்லிவிடுங்கள்: முதலில் பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் அட்டை, அதற்கு மேல் தாள். மழை மாதம் என்றால் பிளாஸ்டிக் கட்டாயம்.

9. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

உள்ளூரில் கிடைக்காவிட்டால் மட்டும். பிரிட்டனில் புத்தகத்தின் விலை இரண்டு பவுண்டு என்று கண்ணைப் பறிக்கும். தபால் செலவு அதைவிடப் பல மடங்கு இருக்கும். பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் மொத்தத் தொகையைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். 2019 பட்ஜெட்டிலிருந்து இறக்குமதிப் புத்தகத்துக்கு 5 சதவீதச் சுங்கவரி உண்டு. ஜிஎஸ்டி அச்சிட்ட புத்தகத்துக்குக் கிடையாது. யாராவது அந்தப் பெயரில் கேட்டால் பில் கேளுங்கள். தனியார் கூரியரில் வந்தால் அடையாளச் சான்று கேட்டு மெசேஜ் வரும். ஆதார் நகலை எடுத்து வைத்திருங்கள், ஆனால் கூரியரின் சொந்தத் தளத்தில் மட்டும் ஏற்றுங்கள். மெசேஜில் வரும் எந்த இணைப்பையும் தொடாதீர்கள்.

கார்டு விஷயம்: 2020 முதல் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமாக வங்கிச் செயலியில் திறந்துவைத்தால்தான் வேலை செய்யும். எனக்கு மூன்று முறை ‘டிக்ளைன்ட்’ என்று வந்த பிறகுதான் இது தெரிந்தது. திறந்து பணம் கட்டினேன். ஒன்பதாம் நாள் ‘கையிருப்பில் இல்லை, மன்னிக்கவும்’ என்று கடிதம். பணம் திரும்பி வந்தது, நாணய மாற்றில் ₹60 தேய்ந்து. வாங்கி முடித்ததும் அந்த வசதியைத் திரும்ப மூடிவிடுங்கள்.

10. வந்த அன்றே செய்ய வேண்டியவை

பிரிப்பதற்கு முன் போனில் வீடியோவை ஓட விடுங்கள். முகவரிச் சீட்டு தெரிய வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. தகராறு வந்தால் அதுதான் சாட்சி. பிரித்ததும் பக்க எண்களை ஒரு ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். 400 பக்கத்துக்கு எட்டு நிமிஷம் ஆகிறது. 211க்கு அப்புறம் 214 வந்ததைப் பார்த்தவள் சொல்கிறேன், அந்த எட்டு நிமிஷத்தைச் செலவழியுங்கள்.

பிறகு இராமபாணம் முதலான புத்தகப் பூச்சிகள். முதுகு மடிப்பில் பொடித் துளைகள், மாவுபோல் தூள், வெள்ளி நிறத்தில் ஓடும் பூச்சி, இவற்றில் எது இருந்தாலும் மற்ற புத்தகங்களோடு சேர்க்காதீர்கள். மென்மையான பிரஷ் கொண்டு வாசலில் வைத்துத் தட்டித் துடையுங்கள், இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்துக் கவனியுங்கள். பூஞ்சை வாசனை அடித்தால் மின்விசிறிக்குக் கீழே பக்கங்களை விரித்து நிறுத்துங்கள். சுள்ளென்ற வெயிலில் காயவைக்காதீர்கள். பழைய தாள் அப்பளமாகிவிடும், ஒட்டிய பசை விட்டுவிடும். அலமாரியில் வசம்புத் துண்டு போடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். கிழிந்த பக்கத்துக்கு செலோடேப் வேண்டாம், நாலு வருஷத்தில் பழுப்பேறி எழுத்தையும் தின்றுவிடும்.

11. படிக்கத் தொடங்கும் முன்

வீட்டில் பார்க்கின்சன் நோயாளி இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். இந்த நூலில் மருந்தின் அளவு கிராம் கணக்கில் வரும். அப்பாவின் மாத்திரை அட்டையில் 100 மில்லிகிராம் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, ‘டாக்டர் குறைவாகக் கொடுக்கிறாரோ’ என்று எனக்கு ஒரு ராத்திரி தூக்கம் போனது. காரணம் எளிது. 1969இல் லெவோடோபாவை (எல்-டோபாவின் இன்னொரு பெயர்தான்) மட்டும் தனியாகக் கொடுத்தார்கள். அதில் பெரும்பகுதி மூளைக்குப் போய்ச் சேரும் முன்பே உடம்பில் கரைந்துவிடும், அதனால் கிராம் கணக்கில் கொட்ட வேண்டியிருந்தது. இப்போது மாத்திரையில் கார்பிடோபாவும் சேர்ந்திருக்கிறது. அது அந்த வீணாவதைத் தடுப்பதால் சிறிய அளவே போதும்.

இன்னொன்று, அந்த நோயாளிகள் தூக்க நோயில் அடிபட்டவர்கள். அவர்கள் மருந்தால் திடீரென்று எழுந்ததும், சில வாரங்களில் கட்டுக்கடங்காத துள்ளலும் கொந்தளிப்புமாக மாறியதும் சாதாரண பார்க்கின்சன் நோயாளிக்கு அதே வேகத்தில் நடக்க வேண்டும் என்பதில்லை. புத்தகத்தை வைத்துக்கொண்டு மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ செய்யாதீர்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. சந்தேகம் வந்தால் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள். எங்கள் டாக்டர் புத்தகத்தை வாங்கி இரண்டு பக்கம் நின்றபடியே படித்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார்.

என் கணக்கு, கேட்பவர்களுக்காக: முதல் பிரதி ₹200. இரண்டாவது ₹470. வெளிநாட்டு முயற்சியில் தேய்ந்தது ₹60. மூன்றாவது, டீக்கறைக் கழிவு போக, தபாலோடு ₹360. மொத்தம் ₹1,090. தேட ஆரம்பித்து கையில் கிடைக்க மூன்றரை மாதம். மேலே சொன்னபடி போனால் நானூறு ரூபாயிலும் மூன்று வாரத்திலும் முடிந்திருக்கும்.

இரண்டாவது பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. பின்னிணைப்பு இல்லாத பழைய பதிப்பு என்று முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன், இதை அடுத்து வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா. அப்பா மூன்றாவது பிரதியை மடியில் வைத்துக்கொண்டு டீக்கறைப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தார்.

“யாரோ என்னை மாதிரி கை நடுக்கக்காரன்மா,” என்றார்.